கோட்கர் மலையில் கனித் திருநாள்

சிம்லாவிலிருந்து ஹிந்துஸ்தான்-திபேத் சாலையில் நார்க்கண்டா வரை சென்று, தேவதாரு வனங்களினூடே சரிவில் இறங்கினால் கோட்கர் என்னும் மலைப் பிரதேசத்தை அடையலாம். சிம்லாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரம். கீழே வெகு ஆழத்தில் ஸட்லெஜ் நதி ஓடுகின்றது.

ஆவணி மாதத்தில் இங்கே செல்லும் பிரயாணி ஒரு திருநாளைக் காண்பார். பஞ்சாங்கத்தில் குறிக்கப்படாத திருநாள் அது, ஆப்பிள் அறுவடை. பொழுது புலர்ந்ததும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் தோட்டங்களில் புகுகிறார்கள். கனியைப் பிடித்து இழுப்பதில்லை. உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கி மெல்லத் திருப்புகிறார்கள். காம்பு கனியோடு வந்துவிடும். மறு வருஷத்து மொட்டு கிளையில் பழுதின்றி நிற்கும். பறித்த கனிகளைக் கூம்பு வடிவான கூடைகளில் நிரப்பி, முதுகில் சுமந்து மேடேறுகிறார்கள். களத்தில் அளவு பார்த்து, தரம் பிரித்துப் பெட்டிகளில் அடுக்குகிறார்கள். மலைப்பாதையெங்கும் கனியின் மணம்!

இந்தச் செல்வத்தைத் தந்தவர் ஓர் அமெரிக்கர். 1882-ல் பிலடெல்பியாவில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், 1904-ல் குஷ்டரோகிகளுக்குத் தொண்டு செய்ய இந்தியாவுக்கு வந்தார். கோட்கரிலேயே மணம் புரிந்து, குடியானவராக வாழ்ந்தார். 1916-ல் அமெரிக்காவிலிருந்து ‘ரெட் டெலிஷஸ்’ நாற்றுக்களைத் தருவித்து நட்டார். தாம் கற்ற தோட்ட வித்தையை அயலாருக்கும் கற்பித்தார். கதராடை உடுத்திக் காங்கிரஸில் சேர்ந்த அவர், 1921-ல் ராஜத்துவேஷக் குற்றஞ் சாட்டப்பட்டுச் சிறை சென்றார். 1932-ல் சத்தியானந்தர் ஆனார், 1946-ல் காலமானார்.

ஆப்பிளைவிடப் பெரிய காரியம் ஒன்றும் அவர் செய்தார். அந்நாளில் இம்மலைகளில் ‘பேகார்’ என்ற கொடுமை இருந்தது. துரைமார்கள் பிரயாணம் செய்தால், அவர்களுடைய மூட்டை முடிச்சுக்களைக் குடியானவர்கள் சுமக்க வேண்டும். வயலில் கதிர் முற்றி நின்றாலும் விடமாட்டார்கள். ஸ்டோக்ஸ் ஜனங்களை ஒன்று திரட்டிப் போராடினார். 1921-ல் கோட்கர் அந்த நுகத்தடியை உதறியது. அன்று பிறர் மூட்டையைச் சுமந்த முதுகுகள், பின்னர்த் தம் சொந்த விளைவைச் சுமக்கலாயின. இந்தத் திருநாளின் உட்பொருள் அதுவே.

ஆயினும் கவலை இல்லாமலில்லை. இவ்வகை மரம் செவ்வனே பூப்பதற்குக் குளிர்காலத்தில் 1,000 மணி நேரமாவது கடுங்குளிர் வேண்டும். இப்போது பனி குறைந்து வருகின்றது. தாழ்ந்த சரிவுகளில் விளைச்சல் குன்றி, தோட்டங்கள் மேலே மேலே ஏறுகின்றன. குறைந்த குளிரில் காய்க்கும் புதிய வகைகளைக் குடியானவர்கள் நட்டு வருகிறார்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இன்று கூடை சுமப்போரில் பலர் நேபாளத்திலிருந்து கூலிக்கு வருபவர்கள். சுமப்பது இழிவன்று. சுமப்பவனுக்கு உரிய கூலியும் மரியாதையும் கிடைக்கின்றனவா என்பதே கேள்வி. பேகாரை ஒழித்த மலை, ஒவ்வோர் அறுவடையிலும் தன்னைத் தானே அக்கேள்வி கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது. அதற்கு நேர்மையாக விடை சொல்லும் வருஷந்தான் கனி முழுதும் இனிக்கும்.