அவளுக்கு மேலே யார்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். எழுதுவதற்கு முன் எதிர்வீட்டு அக்காவிடமும் அவரின் மூத்த மகளிடமும் அனுமதி கேட்டோம். "எழுதுங்கோ சேர், பேர் மட்டும் போடாதீங்கோ" என்றார்கள். அதனால் இதில் யாருடைய பெயரும் இல்லை.

எங்கள் வீட்டில் இருவரும் ஆசிரியர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் கணிதம், மற்றவர் ஆரம்பப் பிரிவு. பிள்ளைகள் இரண்டு. எதிர்வீடு ஒரு கத்தோலிக்கக் குடும்பம். பிள்ளைகள் ஏழு. 2020இல் மூத்தவள் தரம் 10. அவளுக்குக் கீழே தரம் 9, 7, 5, 3, 1 என்று படியாக ஐந்து பேர். கடைசிப் பையனுக்கு மூன்று வயது. தகப்பன் பைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். தாய் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மன்னாரில் இப்படியான வீடுகள் பல உண்டு. பெருநாளைக்கு வட்டிலப்பம் அந்தப் பக்கம் போகும், நத்தாருக்குப் பலகாரம் இந்தப் பக்கம் வரும். அந்தளவு பழக்கம்.

2019இல் உயிர்த்த ஞாயிறன்று நடந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த வாரம் படலையைத் திறந்து தெருவைப் பார்க்கவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. நாங்கள் ஒன்றும் செய்யவில்லைதான். ஆனாலும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் அந்த அக்காதான் வந்து படலையைத் தட்டினார். கையில் மூத்தவளின் கணக்குக் கொப்பி. "டீச்சர், சேரை இதை ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ, பிள்ளைக்கு விளங்கேல்லையாம்" என்றார். அது லீவுக் காலம். அந்தக் கொப்பியை அன்றே பார்க்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. ஏன் கொண்டுவந்தார் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்தக் கொப்பியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் மார்ச் 13ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில் ஊரடங்கும் வந்தது. நேத்ரா ரீவியில் பாடம் போனது. நாங்கள் வாட்ஸ்அப்பில் செயலட்டை அனுப்பத் தொடங்கினோம். ஒரு இரவில் பதினான்கு பக்கம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று படுத்த நாளும் உண்டு.

எதிர்வீட்டில் இருந்தது திரை வெடித்த ஒரு ஸ்மார்ட் போன். ஆறு பிள்ளைகளுடைய ஆசிரியர்கள் அனுப்பியதெல்லாம் அந்த ஒரு போனுக்குள்தான் வந்து விழுந்தது. பிரிண்ட் எடுக்கக் கடை இல்லை, காசும் இல்லை. அப்போதுதான் மூத்தவள் அந்த வீட்டைப் பாடசாலை ஆக்கினாள்.

கோயில் கலண்டரின் பின்பக்கத்தில் நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினாள். மீன் போடும் ரெஜிபோம் பெட்டியின் மூடிதான் பலகை, அடுப்புக்கரிதான் சோக்கு. காலையில் எழும்பினால் செபம், வளவு கூட்டுதல், தேத்தண்ணி. எட்டு மணிக்கு விறாந்தையில் வகுப்பு. சட்டம் ஒன்றுதான்: மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏழு ஐந்துக்கு, ஐந்து மூன்றுக்கு, மூன்று ஒன்றுக்கு. ஒன்றாம் வகுப்புக்காரி மூன்று வயதுத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு "அ, ஆ" சொல்லிக் கொடுப்பாள். அவன் அவளின் பென்சிலைச் சப்பிக்கொண்டிருப்பான். தாய் மீன் வெட்டிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பார். அவருக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வராது. ஆனால் பிள்ளை தடுமாறினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

செயலட்டைகளை மூத்தவள் போனில் பார்த்துக் கையால் எழுதி எடுப்பாள். பின்னம் படிப்பிக்க ரொட்டி, நிறை படிப்பிக்கக் கருவாடு. தகப்பன் விடிய வந்து வலை தட்டும்போது, எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, எண்ணெய்ச் செலவு போனால் மிச்சம் எவ்வளவு என்று தரம் 7 கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பொழுதுபட்டால் செபமாலை. செபமாலையில் ஐந்து பத்துகள். ஆளுக்கொரு பத்து நடத்தலாம். ஆனால் பிள்ளைகளோ ஏழு. அதனால் தினமும் இன்று யாருடைய முறை என்று ஒரு சண்டை. கடைசியில் மூத்தவள் ஒரு முறைப்பட்டியல் போட்டாள். ஒன்றாம் வகுப்புக்காரி பத்துப் பத்தாக எண்ணப் படித்தது அந்த மணிகளில்தான். எங்கள் சின்ன மகள் அதைப் பார்த்துவிட்டுத் தஸ்பீஹைத் தூக்கிக்கொண்டு போய் முப்பத்து மூன்று முப்பத்து மூன்றாக எண்ணிக் காட்டினாள். மூன்று தரம் எண்ணினால் தொண்ணூற்றொன்பது என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. அந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு அவர்கள் ரீவியில் பூசை கண்டார்கள். இரண்டு வாரத்தில் நோன்பு வந்தது, நாங்கள் தராவீஹை வீட்டிலேயே தொழுதோம். கோயிலும் பூட்டு, பள்ளியும் பூட்டு. தெருவின் இரண்டு பக்கமும் வீடுதான் எல்லாம்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கும் பெரிய கத்தோலிக்கக் குடும்பங்கள் உண்டு. அது அங்கே சட்டப்படி செய்யக்கூடியது. அவர்கள் தாங்களே விரும்பி, புத்தகம் வாங்கி, வருடத் திட்டம் போட்டுச் செய்கிறார்கள். இங்கே ஐந்து வயது முதல் பதினாறு வரை கல்வி கட்டாயம். எதிர்வீட்டில் யாரும் எதையும் விரும்பித் தெரிவு செய்யவில்லை. பாடசாலை மூடியது, ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது.

2020 ஒக்டோபரில் நடந்த புலமைப்பரிசில் பரீட்சையில் அந்த வீட்டு தரம் 5 பையன் வெட்டுப்புள்ளியைத் தாண்டினான். ரியூசன் இல்லை. அக்காதான் எல்லாம். பெறுபேறு வந்த அன்று இதே பக்கத்தில் ஒரு பதிவு போட்டோம். "எதிர்வீட்டு அதிபர்" என்று அவளைப் பாராட்டினோம். உங்களில் பலர் மாஷா அல்லாஹ் எழுதினீர்கள், இதயம் போட்டீர்கள். அவளுக்கு அதைக் காட்டினோம். வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

அந்தப் பதிவை இப்போது வாசிக்க எங்களால் முடிவதில்லை.

நாங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளை எப்போது படிக்கிறாள்? போன் ஒன்று, கேட்கும் கைகள் ஆறு. அவளுடைய சூம் வகுப்புக் காலை பத்து மணிக்கு. அந்த நேரம் போன் புலமைப்பரிசில் தம்பியிடம். பிறகு டேட்டா முடிந்துவிடும். இரவு எல்லாரும் படுத்த பிறகுதான் அவளுக்குப் போன் கிடைக்கும். அப்போது ஆசிரியர் இல்லை, படம் பிடித்த பலகை மட்டும்தான் இருக்கும். 2021இல் அவள் தரம் 11. அந்த வருடம் ஜூலை 12இல் இருந்து சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினோம். ஒக்டோபர் வரை நீண்டது. கோரிக்கை நியாயமானது, அதில் எங்களுக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் எதிர்வீட்டு விறாந்தையில் வகுப்பு நிற்கவில்லை. அவள் வேலைநிறுத்தம் செய்யவில்லை.

2022 பிறந்தது. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டுகள் கரையில் கிடந்தன. தகப்பன் வரிசையில், தாய் கூலிக்குக் கருவாடு காயப்போட, வீடு அவள் கையில். பின்போடப்பட்ட 2021 சாதாரண தரப் பரீட்சை மே 23இல் தொடங்கியது. வெள்ளைச் சட்டையோடு எங்கள் படலையில் நின்று, "போயிட்டு வாறன் சேர், டீச்சர், மன்றாடிக்கொள்ளுங்கோ" என்றாள். துஆ செய்தோம். அதை மட்டும்தான் செய்தோம்.

நவம்பரில் பெறுபேறு வந்தது. தமிழ் ஏ. சமயம் ஏ. வரலாறு பி. கணிதம் டபிள்யூ.

அவள் வரவில்லை. நாங்கள்தான் போனோம். குசினி வாசலில் அரிசி கிளைந்துகொண்டிருந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தீங்க மகள், உங்களுக்கு எப்படி இது..." என்று இழுத்தோம்.

அவள் அழவில்லை. அரிசியைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஓம் சேர், எல்லாருக்கும் மேல ஒராள் இருந்தவை. எனக்கு மேல ஒருத்தரும் இல்லைத்தானே."

வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவில்லை. எங்கள் படலையிலிருந்து அவர்கள் படலைக்கு இருபது எட்டுத்தான். இந்தப் பக்கம் ஒரு கணித ஆசிரியர் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன் அந்தத் தாய் கணக்குக் கொப்பியை எங்கள் கையில் தந்து, நம்பிக்கையையும் சேர்த்துத்தான் தந்தார். நாங்கள் நம்பிக்கையை வாங்கிக்கொண்டு கொப்பியை மறந்துவிட்டோம்.

இன்னுமொன்று. எங்களுக்கு இது புதிதாகவும் இருந்திருக்கக் கூடாது. 1990 ஒக்டோபர் கடைசியில் இந்தத் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டு, கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போய் இறங்கியவர்கள் நாங்கள். கிடுகுக் கொட்டிலில் எங்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தந்தது எங்கள் ராத்தா. உம்மா தோட்டத்துக்கு வெங்காயம் பிடுங்கப் போவா, ராத்தா எங்களை இருத்திப் படிப்பிப்பா. நாங்கள் ஆசிரியர் ஆனோம். ராத்தா அதற்குப் பிறகு எந்த வகுப்புக்கும் போகவில்லை. ஒவ்வொரு பெருநாளும் "ராத்தாதான் எங்கள் முதல் டீச்சர்" என்று பெருமையாகச் சொல்வோம். அவவுக்கு யார் டீச்சர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த நாளே அவளைக் கூப்பிட்டோம். இஷாவுக்குப் பிறகு எங்கள் மேசையில் ஒன்றரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். முதல் கிழமையிலேயே ஒன்று விளங்கியது. தரம் 9 வரையான கணக்கில் அவளை யாரும் அசைக்க முடியாது. பின்னம், சதவீதம், பரப்பளவு எல்லாம் தண்ணீர். ஏனென்றால் அவற்றை அவள் படிப்பித்திருக்கிறாள். அதற்கு மேலே மடக்கை, திரிகோண கணிதம், வட்டத் தேற்றம் எல்லாம் வெறும் வெளி. மூளையில் குறை இல்லை. அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மாதம். அவள் இங்கே இருக்கும் நேரம் தரம் 9க்கு ஏறிவிட்ட தங்கச்சி வீட்டு வகுப்பைப் பார்த்துக்கொண்டாள். தாய்க்கு முதலில் சங்கடம். "சேருக்குக் கரைச்சல்" என்று மீனைக் கொண்டுவந்து வைப்பார். "கரைச்சல் இல்லை அக்கா, இது கடன்" என்றோம். 2023 மே கடைசியில் தொடங்கிய பரீட்சையில் திரும்ப எழுதினாள். கணிதம் சி. அல்ஹம்துலில்லாஹ். இப்போது உயர்தரம் படிக்கிறாள். அவளோடு முதல்முறை எழுதியவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அந்தக் காலத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாது.

இந்தக் கதையை நல்ல முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் தரம் 9 படித்த பையன் ஒருவன் இருந்தானே, அவன் 2021இல் தகப்பனோடு போட்டில் ஏறினான். அக்காவைவிட ஒரு வகுப்புத்தான் குறைவு, அக்காவிடம் படிக்க அவனுக்கு வெட்கம். பாடசாலை திறந்தபோது இடாப்பில் அவன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. யாரும் வீடு தேடிப் போகவில்லை. நாங்களும் தெருவைக் கடக்கவில்லை. இப்போது நல்ல தொழிலாளி. விடியப்புறம் எங்கள் சுபஹ் நேரத்தில் அவன் கரைக்குப் போவான். "சேர்" என்று கை காட்டுவான். நாங்களும் கை காட்டுவோம்.

உறவுகளே, நம் ஊரில் பிள்ளைகள் நிறைந்த வீடுகள் எத்தனையோ. பள்ளிக்குப் போகிற வீடும், கோயிலுக்குப் போகிற வீடும். அங்கெல்லாம் ஒரு மூத்த பிள்ளை இருக்கிறது. நாம் கண்டால் "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று தலையைத் தடவிவிட்டுப் போகிறோம். இனி அதோடு நிற்காமல் இன்னுமொரு கேள்வி கேளுங்கள்: "மகள், உங்களுக்கு யார் சொல்லித் தருவது?" பதில் வராவிட்டால், அந்தப் பிள்ளைக்கு மேலே ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி தங்கச்சிமார் நம்மில் எத்தனை பேர். கிழமைக்கு இரண்டு நாள் போதும்.

எங்கள் மேசை இஷாவுக்குப் பிறகு காலியாகத்தான் இருக்கிறது. கணிதம் வேண்டியவர்கள் வரலாம். காசு வேண்டாம். கொப்பியை மட்டும் கொண்டுவாருங்கள், இந்தத் தடவை மறக்க மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.