எதிர்பார்ப்பும் ஏமாற்றமும்

வேகமான இசை என்றால் எங்கள் நால்வருக்கும் உயிர். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 1982-இல் தோன்றிய டி.ஆர்.ஐ. குழுவை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் தோழி ஒருத்தியின் அண்ணன். முதல் இசைத்தட்டிலேயே 22 பாடல்களை அடுக்கியவர்கள் அவர்கள்! ஒரு பாட்டுத் தொடங்கியது தெரியும், முடிந்தது தெரியாது. 1987-இல் 'கிராஸ்ஓவர்' வந்தது. பங்க், மெட்டல் இரண்டும் கலந்த இசைவகைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்து 1988-இல் வெளியான 'ஃபோர் ஆஃப் எ கைண்ட்' தொகுப்பை ஆவலோடு கேட்கத் தொடங்கினோம். ஐயோ! பழைய வேகம் தணிந்து, மெட்டலே மேலோங்கி நின்றது. "இவர்கள் மாறிவிட்டார்கள்" என்று சலித்துக்கொண்டோம்.

அப்போது எங்களுள் ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "என்னையும் இப்படித்தானே சொன்னீர்கள்?"

நாங்கள் தலைகுனிந்தோம். தந்தையை இழந்தபின் அவள் முன்போல் சிரிப்பதில்லை. ஓடி விளையாட வருவதுமில்லை. 'மாறிவிட்டாள்' என்று ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசாமல் இருந்தோம். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நமக்குப் பிடித்தவர்கள் நாம் விரும்பிய இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது அன்பாகுமா? அந்தத் தொகுப்பு இன்றும் எங்களுக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனால், இப்போது மாலையில் நால்வரும் மெதுவாகவே நடக்கிறோம். அவள் நடைக்கு ஏற்றவாறு.