பூம்பாறைப் பூண்டு... மதுரை வெயில்... வீட்டிலேயே சீஸ் ஸ்ப்ரெட்!

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் கொடைக்கானல். அங்கிருந்து இன்னும் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிக்கட்டு வயல்கள். அவற்றில் விளைவதுதான், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு.

வெள்ளை அல்லது இளமஞ்சள் நிறம். ஒரு பூண்டு சராசரியாக 20 முதல் 30 கிராம். காரமும் வாசனையும் தூக்கல். ஈர மலைக்காற்றில் கெட்டுப்போகாமல் இருக்க, கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டுவது அங்குள்ள வழக்கம்.

மலையிறங்கும் பூண்டு, பெரியகுளம் பக்கத்தில் உள்ள வடுகபட்டிச் சந்தைக்கு வருகிறது. வடமாநிலப் பூண்டும் அங்கே குவிவதால், மலைப்பூண்டு என்று சொல்லி வேறு பூண்டை விற்பதும் நடக்கிறது. விலை கூடுதல் என்பதால் நம்பிக்கையான கடையில் வாங்குவது நல்லது.

மதுரை வீடுகளில் இந்தப் பூண்டு ரசத்துக்கும் குழம்புக்கும் போகும். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுப்பால் ஆகும். இன்றைய பிள்ளைகள் கேட்பதோ சூப்பர் மார்க்கெட் கார்லிக் சீஸ் ஸ்ப்ரெட்! பிரான்ஸின் நார்மண்டியில் பிரான்சுவா பூர்சன் 1957-ல் தொடங்கிய சீஸ் நிறுவனம், பூண்டும் மூலிகையும் கலந்த சீஸை உலகப் புகழாக்கியது. பாலும் பூண்டும் சேர்வது நமக்கொன்றும் புதிதில்லையே!

ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் (6 சதவீதக் கொழுப்பு) 1 லிட்டரைக் காய்ச்சி உறை ஊற்றுங்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில் நான்கைந்து மணி நேரத்தில் தயிர் தோய்ந்துவிடும். புளிக்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

சுத்தமான வேட்டித் துணியில் தயிரைக் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரம் வையுங்கள். குளிர்ந்த ஊர்க்காரர்கள் போலச் சமையலறையில் தொங்கவிடாதீர்கள். மதுரையில் விடிவதற்குள் புளித்துவிடும். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே 8 முதல் 10 மணி நேரம் வடியட்டும். வடிந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்தலாம்.

மலைப்பூண்டு நான்கைந்து பல் போதும். பச்சையாகப் போட்டால் நாக்கு எரியும். பூண்டுப்பாலுக்குச் செய்வதுபோல அரை டம்ளர் பாலில் மெத்தென்று வேகவைத்து, மசித்து, ஆறவிடுங்கள். கட்டித்தயிர், உப்பு, பொடித்த தாண்டிக்குடி மிளகு, ஈரமில்லாமல் பொடியாக நறுக்கிய கொத்தமல்லி, நாலு புதினா இலை எல்லாம் சேர்த்துக் குழைத்தால் ஸ்ப்ரெட் தயார்.

மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அதனால் பள்ளிக்கூட டிபன் பாக்ஸுக்கு மட்டும் வேண்டாம்.

மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பியதும், கல்லிலிருந்து எடுத்த முறுகல் தோசையிலோ சூடான பன் பரோட்டாவிலோ ஒரு ஸ்பூன் தடவிக் கொடுங்கள். பூம்பாறை வாசனை அடுப்படி தாண்டி வாசல் வரை வரும்!