கயிற்றின் நீளம்

தமிழ்ப் புதுக்கவிதை மேற்கின் பின்னால் கட்டி இழுக்கப்படும் தோணி என்று நண்பர் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். கைதட்டினார்கள். படிமம் எடுபட்டுவிட்டது என்பதுதான் என் சங்கடம். விசைப்படகின் பின்னால் கட்டிய தோணியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அங்கே அதிகம் பேர் இருந்திருக்க முடியாது.

எங்கள் எளாவூர் ரயிலடிக்குக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று புத்தகம் சொல்லும். இறங்கி நின்றால் பல இடங்களில் இடுப்பளவுதான். என்ஜின் வைத்த படகு ஆழம் இருக்கிற தடத்தில்தான் போகலாம். மற்ற இடத்தில் கோல் ஊன்ற வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாயும் இந்த ஏரி வழியாகத்தான் வடக்கே போகிறது. 1806இல் பேசில் காக்ரேன் ஆரம்பித்தது; 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் சென்னைக்குள் இணைத்தார்கள். சென்னைக்கு விறகு போன படகுகளைக் கரையில் நடந்தே இழுத்தார்கள். இழுத்தவனும் இழுபட்டவனும் ஒரே வேகத்தில், மனிதனுடைய வேகத்தில் போனார்கள். என்ஜின் அப்படியல்ல.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பைபர் படகின் பின்னால் சிறு தோணியில் வந்தேன். தோணிக்காரர் வயதானவர். நான் உதவுகிற பாவனையில் கயிற்றைப் பற்றியதும், "தம்பி, கய்த்த கையில சுத்திக்காத, வெரலு பூடும்" என்றார். அணியத்தில் உட்காரவும் விடவில்லை. பாரம் முன்னால் இருந்தால் தோணி மூக்கைக் குத்திக்கொண்டு இரண்டு பக்கமும் அலையும். பின்னால் இருந்தால்தான் நேராக வரும். அவர் கடைசியில் குந்தித் துடுப்பைச் சுக்கானாகப் பிடித்திருந்தார், வழி முழுக்க. இழுபடுகிறவனுக்கு வேலையில்லை என்று நினைக்கிறவர்கள் அந்தத் தோள்களைப் பார்த்திருக்க வேண்டும்.

கயிற்றின் நீளம் தனி சாஸ்திரம். குட்டையானால் முன்படகு கிளப்புகிற நுரையில் தோணி தத்தளிக்கும். குறுகலான தடத்தில் நீளமானால் கரையில் போய் முட்டும். முகத்துவாரத்தில் அலை இருக்கும்போது இரண்டும் ஒரே சமயத்தில் அலைமேல் ஏறி ஒரே சமயத்தில் இறங்குகிற அளவுக்கு விட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று ஏற, மற்றது சறுக்க, தொய்ந்த கயிறு வெட்டி இழுக்கும். முன்படகு திடீரென்று நின்றால் இன்னும் மோசம். தோணிக்கு பிரேக் கிடையாது; வந்து மோதும், தொய்ந்த கயிறு புரொப்பெல்லரில் சுற்றும்.

வேகத்தைத் தீர்மானிப்பது இழுக்கிற என்ஜின் அல்ல என்பது எனக்கு விசேஷமாகப் பட்டது. நீரைப் பிளந்து போகிற உடலுக்கு அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேகம் உண்டு. பதினாறு அடித் தோணிக்கு மணிக்குப் பத்து கிலோமீட்டர் மாதிரி. அதற்குமேல் இழுத்தால் தான் எழுப்பிய அலையிலேயே ஏறப்பார்க்கும், பின்பக்கம் அமிழும், தண்ணீர் உள்ளே வரும். முன்னால் நாற்பது குதிரைசக்தி இருந்தாலும் தோணியின் கணக்குதான்.

நண்பரிடம் இதையெல்லாம் கேட்டிருக்கலாம். கயிறு எவ்வளவு? முடிச்சு எந்த முனையில்? துடுப்பு யார் கையில்? பிச்சமூர்த்தி விட்மனைப் படித்தார் என்பதில் ரகசியமில்லை. ஆனால் 'காட்டு வாத்து' எழுதியவரை விட்மன் இழுத்துப்போனார் என்றால் எந்த வரிவரைக்கும் என்று காட்ட வேண்டாமா? 1959இல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து இந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது, காட்டியவர்கள் குறைவு. செல்வாக்கு என்று ஒரு சொல்லைப் போட்டு நகர்ந்துவிடுவது விமர்சனத்தில் சோம்பல்.

அன்று தோணியில் முடிச்சை இறுக்கியிருக்கவில்லை, ஒரு வாலை இழுத்தால் அவிழ்கிற மாதிரி போட்டிருந்தது. பக்கத்தில் கத்தி வேறு. ஆழம் குறைந்த இடத்தில் பைபர் படகு என்ஜினைத் தூக்கிக்கொண்டு நின்றது. பெரியவர் வாலை உருவிவிட்டுக் கோலை எடுத்தார். முன்படகிலிருந்து ஒருவன் என்னவோ கத்தினான். காற்றில் கேட்கவில்லை, அவரும் திரும்பவில்லை.