செயற்கைச் சுவாசம்: பொறியின் பங்கும் மனிதனின் பங்கும்

தமிழில் 'உயிர்த்தல்' என்னும் சொல்லுக்கு மூச்சுவிடுதல் என்பதும் ஒரு பொருளாகும். மூச்சையும் உயிரையும் ஒரு சொல்லாற் சுட்டிய மக்களிடையே, பொறியின் துணையோடு மூச்சுவிடும் ஒருவரைக் காணும்போது, "வாழ்வது இவரா, இயங்குவது பொறி மட்டுமா?" என்ற வினா எழுதல் இயல்பே. இவ்வினாவை என் குடும்பமும் எதிர்கொண்டது. கலைப்பீட மாணவர் ஒருவர் இவ்விடயத்தை எழுத முற்படுவதற்கு அதுவே காரணம்.

இத்துறையின் வரலாற்றில் மாணவருக்குப் பெரியதோர் இடமுண்டு. 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. சுவாசத் தசைகள் செயலிழந்தோருக்கு அக்காலத்தில் 'இரும்பு நுரையீரல்' என்னும் கலமே முதன்மையான துணையாக இருந்தது. தலை வெளியே இருக்க உடலை அதனுள் வைத்து, உள்ளே காற்றமுக்கத்தைக் குறைத்து நெஞ்சை விரியச் செய்வர். அந்நகரின் பிளெக்டம் வைத்தியசாலையில் அத்தகைய கலம் ஒன்றும், நெஞ்சை மாத்திரம் மூடும் கருவிகள் ஆறுமே இருந்தன. அவற்றின் துணையுடன் சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர். மயக்கமருந்து வைத்தியரான பியோன் இப்சன் இதற்கு எதிரான வழியை நாடினார். வாதனாளியில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றை நேரே நுரையீரலுக்குள் அனுப்பச் செய்தார். முறைவைத்து இரவு பகலாகப் பைகளை அமுக்கியவர்கள் ஏறத்தாழ 1500 மாணவர்கள். நூற்றுக்கு 87 ஆக இருந்த இறப்பு, காலப்போக்கில் 25 அளவுக்குக் குறைந்தது.

இன்றைய சுவாசப் பொறிகள் அந்தக் கைகளின் வேலையையே செய்கின்றன. அவற்றின் இயக்க முறைகள் பல பெயர்களால் வழங்கப்படினும், மூன்று வினாக்களைக் கொண்டு அவற்றை வேறுபடுத்தி அறியலாம். மூச்சைத் தொடங்குபவர் யார்? அதன் அளவைத் தீர்மானிப்பது எது? அதை முடிப்பவர் யார்?

அளவை முதலில் நோக்குவோம். கனவளவைக் கட்டுப்படுத்தும் முறையில் ஒவ்வொரு மூச்சுக்கும் இவ்வளவு மில்லிலீற்றர் காற்று என விதிக்கப்படும். நுரையீரல் விறைத்திருந்தால் உள்ளே அமுக்கம் உயரும். அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் முறையிலோ அமுக்கம் நிலையாக இருக்கும். நுரையீரல் விறைத்தால் உட்செல்லும் காற்றுக் குறையும். ஒன்றில் உறுதியானது மற்றொன்றில் மாறுவதாகின்றது. எம்முறையாயினும் மிகுதி தீங்கே. 861 நோயாளரை உட்படுத்தி 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இதனை உணர்த்திற்று. கடும் நுரையீரற் பாதிப்புற்றோருக்கு, உயரத்தைக் கொண்டு கணித்த உடல்நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 12 மில்லிலீற்றர் கொடுத்தபோது நூற்றுக்கு 39.8 பேர் இறந்தனர். 6 மில்லிலீற்றர் கொடுத்தபோது இறந்தோர் 31 பேரே.

இனி, தொடங்குபவரைப் பற்றி நோக்குவோம். முழுக் கட்டுப்பாட்டு முறையில் எல்லா மூச்சையும் பொறியே தொடங்கி முடிக்கும். துணைக் கட்டுப்பாட்டு முறையில் நோயாளி சிறிது முயன்றாலும் பொறி அதனை உணர்ந்து விதித்த மூச்சை முழுமையாக வழங்கும். அவர் முயலாவிடிற் குறித்த நேரத்தில் தானே வழங்கும். இடையிட்ட முறையில் விதித்த சில மூச்சுகளுக்கிடையே நோயாளி தாமாகவும் மூச்சுவிடுவார். அமுக்கத் துணை முறையில் ஒவ்வொரு மூச்சையும் தொடங்குபவர் நோயாளியே. பொறி உந்துதல் மாத்திரம் தரும். அவர் இழுக்கும் வேகம் தணியும்போது அதுவும் ஓய்ந்துவிடும்.

2019ஆம் ஆண்டில் என் பெரிய மாமா கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய்க்கு ஆளானார். காலிலே தொடங்கிய தளர்ச்சி நெஞ்சுவரை ஏறியது. 'மெசின் வைத்துவிட்டார்கள்' என்ற செய்தி ஊருக்கு எட்டியதும், சுற்றத்தார் சிலர் அவர் இறந்துவிட்டார் என்றே பேசத் தலைப்பட்டனர். அவரோ கண்விழித்திருந்தார், கேட்டவற்றுக்கு இமையசைத்து விடையளித்தார். நான்காம் வாரத்தில் மாமி வைத்தியரிடம், "மூச்சு விடுறது இவரோ, மெசினோ, டொக்டர்?" என்று வினவினார். "தொடங்குறவர் அவர்தான், அம்மா. மெசின் பின்னால கைகொடுக்குது" என்றார் வைத்தியர். அதன்பின் மாமி கட்டிலருகே அழுததை நான் கண்டதில்லை. ஒவ்வொரு நாளும், "இண்டைக்கு எவ்வளவு துணை குறைச்சீங்கள்?" என்பதே அவர் வினாவாயிற்று. எட்டாம் வாரத்தில் மாமா பொறியின்றி மூச்சுவிட்டார்.

துணையைக் குறைத்தலும் சிகிச்சையே. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகடு முற்றாக ஓய்ந்திருந்தால், 18 முதல் 69 மணி நேரத்துக்குள்ளேயே அதன் தசைநார்கள் மெலிவதை 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. விடுவிக்கும் வழியும் ஆராயப்பட்டுள்ளது. நாளுக்கொரு முறை நோயாளியைத் தாமாக மூச்சுவிடச் செய்து பார்த்தல், இடையிட்ட முறையிற் படிப்படியாகக் குறைப்பதினும் ஏறத்தாழ மும்மடங்கு விரைவில் விடுதலை தருவதாக 1995ஆம் ஆண்டில் ஸ்பெயினில் நடந்த ஆய்வு கண்டது.

ஆகவே, "இவரா, பொறியா?" என்று இரண்டிலொன்றைக் கேட்பது பொருந்தாது. இருவருக்கும் பங்குண்டு, அப்பங்கு நாளுக்கு நாள் மாறும். மீட்சிக்கு வழியற்ற நோயாளருக்கும் இவ்வினாக்கள் பயன்படும். பொய் நம்பிக்கையை அகற்றுவதற்கும் தெளிவே துணை. இத்தெளிவு நோயாளியின் வீட்டாரை அவர்கள் மொழியிற் சென்றடைதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அப்பணியின் மிச்சம் மருத்துவ பீடத்துக்கு மட்டும் உரியதன்று. வார்ட்டு வாசலிற் காத்திருக்கும் ஒரு தாய்க்கு விளங்கும் சொல்லைத் தேடித் தருதல், தமிழ் பயிலும் எமக்கும் உரிய கடமையாகும்.