எதற்கு எத்தனை வரி

கதை எழுதக் கற்றுக்கொள்ள அண்ணாச்சியிடம் போனபோது முதலில் என்னை எழுத விடவில்லை. வாசிக்கச் சொன்னார், அதுவும் பென்சிலோடு. ஒவ்வொரு பத்தியிலும் கதைக்குள் எவ்வளவு நேரம் கழிகிறது என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். ஒரு நிமிஷம், ஒரு ராத்திரி, சில வருஷம். நேரமே நகராத பத்திக்கு ஒரு சுழி.

கு.ப.ரா.வின் ‘விடியுமா?’ கதையில்தான் இந்தப் பயிற்சியின் அருமை பிடிபட்டது. அக்காவின் கணவர் சென்னை ஆஸ்பத்திரியில் அபாய நிலையில் இருப்பதாகத் தந்தி வருகிறது. அக்காவும் தம்பியும் ராத்திரி ரயிலேறுகிறார்கள். ஓரக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் கதையின் பெரும்பகுதி அந்தப் பயணம்தான். மரணத்துக்குக் கடைசியில் சில வரிகளே. நம்பிக்கையும் பயமும் மாறி மாறி வர ரயிலில்தான் இடமிருக்கிறது. செய்தி தெரிந்தபின் துக்கம் ஒன்றுதான் மிச்சம்.

“சம்பவம் எங்க பெரிசுன்னு பாக்காத தம்பி. ஆளு எங்க தவிக்கான்னு பாரு. அங்க நின்னு எழுது” என்றார் அண்ணாச்சி.

கி.ரா.வின் ‘கதவு’ம் அப்படித்தான். தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். வாடையில் கைக்குழந்தை சாகிறது. ஆனால் அந்தக் கதவில் தொங்கி டிக்கெட் கொடுத்து விளையாடும் பிள்ளைகளுக்குத்தான் ஆசிரியர் தாராளமாக இடம் தருகிறார். அந்த விளையாட்டை அனுபவித்த பிறகு, கதவில்லாத வாசலைப் பற்றி அவருக்கு அதிகம் சொல்லத் தேவைப்படவில்லை.

நான் அதிகம் திரும்பப் படித்தது அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் அவர். ஸ்டூடியோ ஆட்களின் டிபன் நேரம், வேலையில்லாத பொழுது என்று கதை சாவகாசமாகத் தொடங்குகிறது. அங்கே வாய்ப்புக் கேட்டு வருகிறான் புலிவேஷக்காரன் காதர். அவன் புலியாக மாறும் இடத்தில் நேரம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் வரி கிடைக்கிறது. பிறகு நாட்கள் சில வாக்கியங்களில் ஓடிவிடுகின்றன. அவனுக்குப் போட்ட கடிதம் திரும்பி வருகிறது. ‘ஐயோ பாவம்’ என்று கதைசொல்லி ஓரிடத்திலும் சொல்வதில்லை. அந்தச் சாவகாசமான தொடக்கத்தை வெட்டிப் படித்துப் பார்த்தேன். புலி வெறும் வித்தையாகிவிடுகிறது.

என் பிரதிகளிலும் இப்போது இதைத்தான் செய்கிறேன். முதல் பிரதியைக் கணக்குப் பார்க்காமல் எழுதி முடிப்பது, பிறகு பென்சிலை எடுப்பது. உரையாடல் கிட்டத்தட்ட நிஜ நேரத்தில் ஓடக்கூடியது. ஒரு பக்கப் பேச்சென்றால் ஓரிரண்டு நிமிஷம். அந்த நிமிஷங்கள் முக்கியமில்லையென்றால் ‘பேசிக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரு சொல் போதும். ‘மறுநாள்’, ‘சில மாதங்கள் கழித்து’ என்று வரும் இடங்களை வட்டமிடுகிறேன். பாத்திரம் முடிவெடுத்த தருணம் பெரும்பாலும் அந்தத் தாவலுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஒன்றில் மட்டும் அண்ணாச்சியோடு எனக்கு உடன்பாடில்லை. சிறுகதையில் பழைய நினைவே கூடாது என்பார். மௌனியின் ‘அழியாச்சுடர்’ ஒரு நண்பன் சொல்லும் பழைய நினைவுதானே! சொல்பவனை அந்த நினைவு இப்போதும் எரிக்கிறதென்றால் அது பழசே அல்ல.

தற்சமயம் எழுதுவது பூர்வீக வீட்டை விற்கும் கதை. கையெழுத்துப் போடுவதற்கு ஒரே வரி. சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் கூப்பிடும்வரை அண்ணனும் தம்பியும் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பல பக்கம். தம்பி டீ வாங்கப் போகும் பத்தியை அண்ணாச்சி வெட்டச் சொல்கிறார். தனியாக விட்டால் அண்ணன் மனசு இளகிவிடுவானாம். அவன் கொஞ்சம் இளக வேண்டும் என்பதற்காகத்தான் தம்பியை நான் டீக்கடைக்கு அனுப்பினேன். அந்தப் பத்தியை வெட்டப்போவதில்லை.