குலுக்கலில் பிறந்த கவுன்டி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் இருக்கிறது லம்ப்கின் கவுன்டி. அதன் தலைமை ஊர் டலானிகா. ஊர் நடுவே 1836இல் கட்டிய செங்கல் நீதிமன்றம் இப்போது தங்க அருங்காட்சியகம். உள்ளூர் மண்ணில் சுட்ட அந்தச் செங்கற்களில் பொன் துகள் கலந்திருக்கிறது.

தங்கம் கிடைத்தது, கூட்டம் வந்தது, ஊர் எழுந்தது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதிக் கதை. அந்த மண் பூர்வகுடிகளான செரோக்கி மக்களுடையது. அவர்களுக்குச் சொந்த எழுத்து இருந்தது. 1827இல் அரசியல் சட்டம் எழுதினார்கள். மறு ஆண்டே, தங்கள் தலைநகரான நியூ எக்கோட்டாவில் இருமொழிப் பத்திரிகை தொடங்கினார்கள். அதே காலத்தில்தான் ஆற்று மணலில் பொன் தென்பட்டது. அரிசி அரிப்பதுபோல் தட்டில் மணலை அலசிப் பொன் எடுக்க ஆயிரக்கணக்கானோர் அத்துமீறி நுழைந்தார்கள். ஜார்ஜியா அரசு என்ன செய்தது? 1830இல், செரோக்கிகள் தங்கள் நிலத்திலேயே பொன் தோண்டக் கூடாது என்றது. வெள்ளையருக்கு எதிராக அவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் முடியாது என்றது.

1832 மார்ச்சில், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலம் பொருட்படுத்தவில்லை. அக்டோபரில், அன்றைய மாநிலத் தலைநகரான மில்லெட்ஜ்வில்லில் குலுக்கல் தொடங்கியது. பொன் விளையும் பகுதியை 40 ஏக்கர் துண்டுகளாக அளந்து, தகுதியுள்ள வெள்ளையர் பெயருக்குச் சீட்டெடுத்தார்கள். சொந்தக்காரர் குடியிருக்கும்போதே நிலம் வேறொருவர் பெயருக்குப் போனது. டிசம்பரில் கவுன்டி உருவானது. அதற்கு வைத்த பெயர் செரோக்கிகளை வெளியேற்றுவதில் முன்னின்ற ஆளுநர் வில்சன் லம்ப்கினுடையது.

முதலில் தலைமையிடமாக இருந்த ஊர் ஆராரியா. பட்டா வழக்கு வந்ததால் 1833இல் டலானிகாவுக்கு மாற்றினார்கள். ஆராரியா தேய்ந்து, இன்று ஆளரவமற்றுக் கிடக்கிறது.

சுரங்கங்களில் உழைத்தவர்களில் அடிமைகளும் உண்டு. பெரும் அரசியல்வாதியான ஜான் கால்ஹூனுக்கும் இங்கே சுரங்கம் இருந்தது. ஜேம்ஸ் பாய்க்ளேர் சுதந்திரமான கறுப்பினத்தவர். ‘ஃப்ரீ ஜிம்’ என்று ஊரார் அழைத்த அவர் இங்கே பொன் கண்டெடுத்தார், கடையும் நடத்தினார். ஆனால் நிலம் வாங்க, சட்டப்படி ஒரு வெள்ளையரைக் காப்பாளராக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தக் கவுன்டியின் சரித்திரத்தில் ஆளுநரைவிட இவருக்குத்தான் பெரிய இடம் தர வேண்டும் என்பேன்.

1838 ஏப்ரலில் டலானிகாவின் கூட்டரசு நாணயச்சாலை முதல் தங்கக்காசை அடித்தது. அடுத்த மாதமே செரோக்கிகளை வீடு வீடாகப் பிடித்து முகாம்களில் அடைத்தது ராணுவம். மேற்கே துரத்தப்பட்ட சுமார் 16,000 பேரில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். நாணயச்சாலையோ 1861 வரை ஓடி, 60 லட்சம் டாலருக்கு மேல் காசு அடித்தது. பின்னர் அந்தக் கட்டடத்தில் கல்லூரி நடந்தது. 1878இல் அது எரிந்துபோக, அதே அடித்தளத்தின்மேல் எழுப்பிய மண்டபத்தின் கோபுரத்துக்கு இன்று பொன் தகடு போர்த்தியிருக்கிறார்கள்.

அட்லாண்டா பக்கம் போகும் தமிழர்கள் டலானிகாவைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டாம். மேற்கே நியூ எக்கோட்டா இருக்கிறது. செரோக்கிப் பத்திரிகையின் அச்சகத்தை அங்கே மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.